கிராம்பு எண்ணெயும் வெள்ளைப் பொடியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் வழக்கம்போல் முரண்டு பிடிக்கிறது. உன் சுகத்தைத்தான் கேட்க வேண்டும். பித்தப்பைக் கல்லை எடுக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று போனில் சொன்னாய், கத்திக்குப் பயமில்லை, மயக்க மருந்துக்குப் பிறகு எழுந்திருக்காமலே போயிட்டா என்னம்மா பண்றது என்று சின்னக் குரலில் கேட்டாய். அதற்குப் பதிலாகத்தான் இப்போது எழுதுகிறேன்.

மீன் பண்ணையில் இந்த மாதம் மயக்குவதும் எழுப்புவதும்தான் என் வேலை. ஊசி போடவோ எடை பார்க்கவோ பிடித்தால் மீன் துள்ளிச் செதில் உதிர்ந்து புண்ணாகிவிடும், அதனால் மருந்துத் தொட்டியில் விட்டு மயங்கிய பிறகுதான் தொடுவோம். கிராம்பு எண்ணெய் நல்லதா, மீன் டாக்டர் கொண்டுவந்த வெள்ளைப் பொடி நல்லதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் அடித்த கூத்தைக் கேள், எண்ணெயை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டேன், அது மேலே மிதக்கிறது, மேலே வந்த மீன் மல்லாந்துவிட்டது, அடியில் இருந்ததெல்லாம் ஜாலியாக நீந்துகிறது. எண்ணெய் சரியில்லை என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். முதல்ல ஸ்பிரிட்ல கலந்து குலுக்கணும்மா, இத்தனை வருஷம் சமைச்சும் எண்ணெய் தண்ணியில ஒட்டாதுன்னு தெரியலையா என்று டாக்டர் சிரிக்கிறார், எனக்கு மானம் போயிற்று.

சரியாகக் கலந்ததும் இரண்டுமே இரண்டு நிமிடத்தில் மயக்கிவிட்டன. எழுவதில்தான் வித்தியாசம், நல்ல தண்ணீருக்கு மாற்றியதும் பொடியில் மயங்கியது மூன்று நிமிடத்தில் நிமிர்ந்து நீந்துகிறது, எண்ணெயில் மயங்கியதற்கு ஆறேழு நிமிடம் ஆகிறது. ஏன், எதனால் என்று டாக்டரைக் குடைந்தெடுத்துவிட்டேன், எண்ணெய் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகுமாம். வீடே பல் டாக்டர் ரூம் மாதிரி மணக்குது, எனக்குப் போடறதா இருந்தா பொடியே போடு, சீக்கிரம் எழுந்து காபி குடிக்கணும் என்கிறார் அப்பா.

போன செவ்வாய்க்கிழமை எண்ணெயில் விட்ட ஒரு தாய்மீன் பதினோரு நிமிடம் ஆகியும் அசையவில்லை. அது போயிடுச்சு, தூக்கிப் போட்டுடுங்க என்றார் தொட்டி கழுவுகிறவர். எனக்கு மனசு வரவில்லை, உன் நினைப்புதான். நல்ல தண்ணீரில் கையில் ஏந்தி, வாய்க்கு நேராகக் குழாயைப் பிடித்தபடியே நின்றேன். பதினான்காவது நிமிடத்தில் செவுள் ஒரு தடவை திறந்து மூடியது, பிறகு இன்னொரு தடவை, அப்புறம் என் கையை உதறிவிட்டு அது போன போக்கைப் பார்த்து அழுதேவிட்டேன். உனக்கு மருந்து கொடுப்பவர் என்னைப் போல எண்ணெயை ஊற்றிவிட்டு விழிப்பவர் இல்லை, அதற்கென்றே படித்தவர், மூச்சையும் நாடியையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த மருந்து, எத்தனை நிமிடத்தில் தெளியும் என்று கூச்சப்படாமல் கேள், கேட்டதை எனக்கும் சொல், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் உன் டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பிறகு எதையும் கொறித்துவைக்காதே, மீனையே பட்டினி போட்டுத்தான் மயக்குகிறோம். நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம்மா என்றாயே, அதை மட்டும் நான் கேட்கப்போவதில்லை. மயக்கம் தெளிகிறவரை தொட்டியை விட்டு யாரும் நகரக் கூடாது என்பது பண்ணையில் இப்போது நான் போட்டிருக்கும் சட்டம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ கண் திறக்கும்போது பக்கத்தில் இருக்கப்போகும்,
அம்மா