மாறாத முப்பத்திரண்டு

மே 9, வெள்ளி

இன்று நாற்பது கோழிக்குஞ்சு செத்துப்போயின. கொட்டகைச் சூட்டைக் காட்டும் புரோகிராமை என் மகன் அருள்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதிவைத்தான். அவன் தவறிப்போய் இரண்டு மாதம். காலையிலிருந்து திரையில் 32 என்றே இருந்தது. பக்கத்தில் பச்சையாக 'இணைப்பு உள்ளது' என்றும் இருந்தது. நம்பி உட்கார்ந்துவிட்டேன். மதியம் உள்ளே போனால் அனல். விசிறி நின்றுபோயிருந்தது.

அருளோடு வேலை பார்த்த ரீட்டா சாயங்காலம் வந்து பார்த்தாள்.

"கொட்டாயில சூட்ட அளந்து அனுப்புற பொட்டி காலையிலயே நின்னுபோச்சும்மா. போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லாம போனதால, கடைசியா வந்த நம்பரையே புடிச்சிகினு காத்துகினு இருக்குது."

"அப்ப இந்தப் பச்சை இன்னாத்துக்குடி எரியுது?"

"அதுக்கு இன்னாம்மா தெரியும்? இருக்கியா, இருக்கியான்னு நாமதான் கேக்கவெக்கணும். அத எழுதாம வுட்டுட்டான் உம்புள்ள."

அவளே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இனி பத்து நொடி பதில் வராவிட்டால் சிவப்பாகுமாம்.

அவள் போனதும் போனை எடுத்தேன். அருளின் மனைவி, என் மருமகள் கலா திருக்கனூரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். தினமும் ஆறு மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ் வரும். பழையதையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். 'சாப்ட்டேன் அத்தே. நல்லா இருக்கேன்.' பதினோரு நாளாக அதே வரி. ஒரு எழுத்துகூட மாறவில்லை. இன்றும் அதுதான்.

நான்கு முறை கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

கொழுந்தனை எழுப்பி வண்டி எடுக்கச் சொன்னேன். விடியட்டும் அண்ணி என்றார். முடியாது என்றேன்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது. இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு—