கீர்த்தியின் முன்பல்

செவ்வாய், ஆவணி 5

போன வருஷம் கோட்டை பார்க்கப் போனபோது கீர்த்தி படியில் விழுந்து, அவள் முன்பல் வேரோடு வந்துவிட்டது. நான்தான் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் திரும்பப் பொருத்தினார். இப்போது அந்தப் பல் மட்டும் உள்ளே இறங்கியதுபோல் தெரிகிறது. மகளுக்குப் பதினொரு வயதுதான்.

இன்று வேறொரு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். "பல்ல எப்படி எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கீர்த்தி பெருமையாக, "எங்க நைனா வேட்டியால நல்லா தேச்சுத் தேச்சுக் கழுவினாரு. துளி மண்ணு இல்ல!" என்றாள்.

டாக்டரம்மா அவளை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார். வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறதாம். அதிலுள்ள செல்கள்தான் பல்லும் எலும்பும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கின்றனவாம். தேய்த்ததில் அவை போய்விட்டன. பல் எலும்போடு ஒட்டிவிட்டது. தாடை வளர வளர அது மட்டும் பின்தங்கும்; கடைசியில் எடுத்துவிட வேண்டியதுதான்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றார்.

பஸ்ஸில் கீர்த்தி தோளில் சாய்ந்துகொண்டு, "இன்னா நைனா, டாக்டர் இன்னா சொன்னாங்க? பல்லு சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

"ஆயிடும் கண்ணு" என்றேன்.

அப்படியே நம்பிவிட்டாள்.