நீ தின்ற ஓட்டு

காலையில் உன் வீட்டுக்காரி வந்து ஒரு பை ஏலக்காய் கொடுத்துவிட்டுப் போனாள். பையைப் பிரித்ததுதான் தாமதம், வீடு முழுக்க உன் சட்டைப்பை வாசம். நீ இருந்த காலத்தில் எனக்கு ஒரு பிடி தந்திருப்பாயா? பேச்சுக்கு நடுவில் இரண்டு காயை எடுத்து நீட்டுவாய். நான் வாங்குவதற்குள் அதில் ஒன்றை உன் வாயிலேயே போட்டுக்கொள்வாய். ஏலக்காய் யாவாரி சரக்கைத் தின்னக் கூடாது என்று எத்தனையோ தடவை சொன்னேன். கேட்கவில்லை. அந்தப் பழக்கம்தான் என் வெற்றியைக் கெடுத்தது.

பையோடு ஒரு சேதியும் சொல்லிவிட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இன்றைக்கு நீ குறுக்கே பேச முடியாது.

கம்பத்தில் உன் தம்பி மகள் ஜோதி வைத்திருந்த பிரௌசிங் சென்டருக்கு நீ காய் விலை பார்க்கப் போனாய். நான் உன்னைத் தேடிப் போனேன். அங்கே காலேஜ் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பழங்காலத்துப் போர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஈட்டிப்படை, குதிரைப்படை, யானைப்படை. "நம்மளும் ஒரு கை பாப்பமா மாப்ள?" என்றாய். அதற்கப்புறம் என் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற நாள்கூடத் தள்ளிப்போனது.

நான் யாரிடமும் கேட்டுக் கற்றவனல்ல, உனக்குத் தெரியும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு திரையில் வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொருள் கண்டுபிடித்தேன். நீ அந்த வேலையே செய்யவில்லை. வாயில் ஏலக்காய், கையில் மவுஸ், யானையை எங்கேயாவது ஓட்டிவிட்டு என்ன நடக்கிறதென்று வேடிக்கை பார்ப்பாய்.

அப்போதுதான் ஜோதி ஸ்கிரீன்ஷாட் போட்டி அறிவித்தாள். அவரவர் போரில் நல்ல காட்சியாக ஒன்றைப் படம் பிடித்துத் தர வேண்டும். ஜெயிக்கிற படம் ஒரு மாதத்துக்குச் சென்டரில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரிலும் முகப்பில் இருக்கும். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் என் படத்தில்தான் முழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு அது சின்ன ஆசையா, சொல்.

பிரிண்ட் ஸ்கிரீன் என்று எழுதிய பொத்தானை அழுத்திவிட்டு, எழுந்து போய் பிரிண்டர் பக்கத்தில் நின்றேன். வெகுநேரம் நின்றேன். நீ நாற்காலியில் உருண்டு உருண்டு சிரித்தாய். "படம் உள்ளுக்குள்ள பத்திரமா இருக்குய்யா. பெயிண்டுல ஒட்டுனாத்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கன நின்னா காத்துதான் வரும்." பொத்தானில் ஒன்றை எழுதி உள்ளே வேறொன்றைச் செய்பவன் மேல்தான் தப்பு. இன்றைக்கும் அதுதான் என் கட்சி.

கடைசியில் உன் படமும் என் படமும்தான் களத்தில் நின்றன. என் படத்தில் ஈட்டிப்படை. ஆட்டத்தை நிறுத்திவைத்து வரிசை வரிசையாக நகர்த்தி, திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் ஊன்றுகிற மாதிரி நூல் பிடித்து நிறுத்தியிருந்தேன். உன் படத்தில் மிரண்ட யானை ஒன்று உன் சொந்தப் படையையே மிதித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு வீரன் கொடியைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"தோத்த சண்டையைப் படம் பிடிச்சுப் போட்டிக்குக் கொண்டாந்தவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்" என்றேன்.

"ஒன் ஆளுக கல்யாண போட்டோவுக்கு நிக்கிறாக மாப்ள. எவனாச்சும் மூச்சு விடுறானா பாரு. என் ஆளு ஓடுறான். அவன் வீட்டுல பொண்டாட்டி பிள்ளை இருக்கு."

சீட்டு எழுதி ஓட்டுப் போடலாம் என்றாள் ஜோதி. "வேணாந்தாயி. இவன் கையெழுத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சு வீடு தேடிச் சண்டைக்குப் போவான்" என்று நீதான் ஏலக்காயை இறக்கினாய். ஆளுக்கு ஒரு காய். படத்துக்கு ஒரு டீ டம்ளர். போட்டி போடுகிறவன் தன் படத்துக்குப் போடக் கூடாது. நீ கொஞ்சமும் யோசிக்காமல் உன் காயை என் டம்ளரில் போட்டாய். எனக்குக் கை வரவில்லை. ஓடிப்போகிறவனுக்கு நான் ஓட்டுப் போடுவதா? எல்லார் கண்முன்னாலேயும் காயை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன்.

எண்ணினாள். ஏழுக்கு ஏழு. ஆனால் என்னைத் தவிர ஓட்டுப் போட்டவர்கள் பதினைந்து பேர். எல்லாரும் முழித்தோம். மேசையில் ஒரு ஏலக்காய்த் தோல் கிடந்தது. உன் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"எந்த டம்ளர்ல எடுத்தே?"

"பேச்சு மும்முரத்துல கவனிக்கலை மாப்ள. கை பாட்டுக்குப் போயிருச்சு."

"பெரியப்பா, ஓட்டையா தின்னீக?" என்று ஜோதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, நீயே ஜெயிச்சதா வெச்சுக்க" என்றாய். வைத்துக்கொள்ள அது என்ன இலவச வேட்டியா? வேண்டாம் என்றேன். மறு ஓட்டெடுப்புக்கு ஜோதி சம்மதிக்கவில்லை. பாதிக் கம்ப்யூட்டரில் உன் படம், பாதியில் என் படம் வைத்தாள். நான் போகிற நேரமெல்லாம் யானைக் கம்ப்யூட்டர்தான் காலியாக இருக்கும். என் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து நீ சிரிப்பாய்.

அதற்கப்புறம் எத்தனையோ முறை கேட்டேன். உன் மகள் கல்யாணப் பந்தியில் கேட்டேன். மேகமலைக்கு ஜீப்பில் போகும்போது, நீ இறங்க முடியாத வளைவில் வைத்துக் கேட்டேன். "ஞாபகமில்லை மாப்ள" என்றே சாதித்தாய்.

இன்று பையைக் கொடுக்கும்போது தங்கச்சி, அதுதான் உன் வீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணே, ஆஸ்பத்திரியில இருக்கையில அவுக சொன்னாக. 'அவன் டம்ளர்லதான் எடுத்தேன். அவன்தான் ஜெயிச்சான். நான் போனப்பெறகு சொல்லு. இருக்கையில சொன்னா அவன் ஆட்டத்தை எவன் தாங்குறது'ன்னாக."

ஆக, எட்டுக்கு ஏழு. நான் ஜெயித்துவிட்டேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தப் பிள்ளைகள் எந்தெந்த ஊரிலோ. என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "ம்" என்றாள். ஜெயித்தவனுக்கு முன்னால் தோற்றவன் உட்கார்ந்திருக்க வேண்டாமா? அந்த ஒன்றையும் கெடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாய்.

மத்தியானம் வரைக்கும் உன்னைத் திட்டினேன். பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். இத்தனை வருஷமும் கூட்டை மாற்றும்போதெல்லாம் அந்தக் காயையும் மாற்றி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். வெளுத்துவிட்டது. வாசம் துளியும் இல்லை. ஆனால் போடாத ஓட்டு செல்லாத ஓட்டு ஆகாது.

அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, உன் யானைப் படத்துக்கென்று மேசையில் வைத்து, அதில் போட்டுவிட்டேன்.

எட்டுக்கு எட்டு, மாப்ள. இன்னும் தீரவில்லை.