மெட்டிப் பை

ஐப்பசி 4, செவ்வாய். தூறல். துணி காயவில்லை.

பேத்தி பூரணி, ராஜபாளையத்து மில்லின் மேல் போட்ட வழக்கு வியாழக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். வயிறு தெரிந்ததும் ஆறு பெண்களை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்குத்தான் அங்கே வேலை; ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்து ஏமாற்றினார்களாம், மில் சொல்கிறது. மில்லுக்கு மதுரையிலிருந்து மூன்று வக்கீல். இவர்களுக்குப் பூரணி ஒருத்தி. அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு வக்கீல் பேத்தி. (நான் பெருமை பேசுவதில்லை. தெருவுக்கே தெரியும்.)

சாயங்காலம், ஆறு பேரில் ஒருத்தி, மம்சாபுரத்து மாரியம்மா வந்தாள். ஏழு மாதம். கையில் சின்னத் துணிப்பை. உள்ளே அவள் மெட்டி. தினமும் மில் வாசலில் கழற்றி அதில் போட்டுக் கொடுக்கணுமாம். பை மில்லே கொடுத்தது. மேலே மையில் அவள் நம்பர், மில் முத்திரை. நிறுத்திய அன்று பையோடு திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பப் போட மனசு வரவில்லையாம்.

"மெட்டிய வாங்கி வச்சவனுக்குக் கல்யாணம் ஆனது தெரியாதாக்கும் ஆச்சி?"

பூரணி துள்ளிவிட்டாள். "பத்திரமா வையி அப்பத்தா."

புதன். வெயில்.

மெட்டி கறுத்துக் கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. புளி போட்டுத் தேய்த்தேன். பையிலும் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புப் போட்டுக் கசக்கினேன். கொடியில் போட்ட பிறகுதான் பார்த்தேன். நம்பர் இல்லை. முத்திரை இல்லை.

பூரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பூரணி பையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "நீ தொவைக்காம வச்சிருந்தாத்தான் அதிசயம்." கண் கலங்கியிருந்தது.

பஸ் ஏறி மம்சாபுரம். மெட்டியைக் கொடுத்து உள்ளதைச் சொன்னேன். மாரியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்புட்டு வெளுப்பு! கல்யாணத்தன்னைக்கு இப்படித்தான் மின்னிச்சு. போட்டுவிடுங்க ஆச்சி, குனிய முடியல."

வீங்கிய கால். நெகிழ்த்திப் போட்டுவிட்டேன்.

"மத்த அஞ்சு பேருட்டயும் பை இருக்கு ஆச்சி. கோர்ட்டுன்னா பயம், ஒளிச்சு வச்சிருக்காளுவ. நான் போய்க் கேக்கேன்."

"ஏட்டி, இந்த வயித்தோடயா?"

"இந்த வயித்துக்குத்தான ஆச்சி."

வியாழன். மழை இல்லை.

பத்து மணி. கோர்ட் வாசலில் மாரியம்மா மட்டும். மதுரை வக்கீல்கள் காரில் வந்து இறங்கினார்கள். பூரணி காலர் மடங்கியிருந்தது, இழுத்துவிட்டேன்.

"அப்பத்தா, எல்லாரும் பாக்காவ!"

"பாக்கட்டும்."

பத்தே முக்கால். ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து நாலு பேர். ஐந்தாவது பெண் பையை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். நேற்றுதான் பெண் குழந்தை பிறந்ததாம். ஐந்து பை. எல்லாம் அழுக்கு. ஒன்றிலும் தண்ணீர் படவில்லை, புண்ணியவதிகள்.

மாரியம்மா கூண்டில் ஏறி, மெட்டி கழற்றிக் கொடுத்ததைச் சொன்னாள். பூரணி பைகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். நீதிபதி ஒன்றை எடுத்து முத்திரையைப் பார்த்து, மதுரை வக்கீல்களைக் கேட்டார்.

"கல்யாணம் ஆகாதவங்ககிட்ட எதுக்கு சார் மெட்டி வாங்கி வச்சீங்க?"

மூன்று வக்கீல்களும் தவணை கேட்டார்கள்.

மாரியம்மா பை இன்னும் கொடியில். எடுக்கணும்.