‘பரவாயில்லை’ என்ற சொல் ‘மிக நன்று’ ஆக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்
நாற்பத்தேழாம் எண் பங்கேற்பாளரின் தங்கை,
பத்தாம் வகுப்பு மாணவி,
பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு,
அரசு கண் மருத்துவமனை,
மூன்றாம் தளம் (லிப்ட் ஓடாத பக்கம்).

பொருள்: கான்டாக்ட் லென்ஸ் ஆய்வில் என் அக்கா சொன்ன பதிலை, அவள் சொன்னபடியே பதிய வேண்டியும், அவளுடைய வலது கண்ணைக் கருவிழி மருத்துவர் உடனடியாகப் பரிசோதிக்க உத்தரவிட வேண்டியும் விண்ணப்பம்.

பார்வை: அக்காவின் வலது கண். தற்சமயம் மங்கலாக உள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆய்வில் பங்கேற்பவர்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று ஒப்புதல் கடிதத்தில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வின் விதிகளில் இன்றுவரை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது இது ஒன்றுதான். அதையும் கெடுத்த பழி எனக்கு வேண்டாம் என்பதால், இம்மனுவில் அக்காவை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். ஆய்வு மையத்தில் அவளை ‘நாப்பத்தேழு’ என்று கூப்பிடுவார்கள்.

2. அக்கா ஒரு ரொட்டிக்கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கிட்டப்பார்வை. அடுப்புக் கதவைத் திறந்ததும் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிடும். துடைத்துவிட்டு வந்தால் ரொட்டி கருகும். துடைக்காமல் எடுத்தால் கை சுடும். கருகிய ரொட்டிகளைக் கடை முதலாளி ஒரு தட்டில் அடுக்கி, “இது நம்ம சோடாபுட்டி ஸ்பெஷல், யாருக்கு வேணும்?” என்று வருகிறவர்களிடம் காட்டுவார். அவரைத் தவிர யாரும் சிரித்ததில்லை என்று அக்கா சொல்வாள். நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். எல்லோரும்தான் சிரித்தார்கள்.

3. இந்நிலையில்தான், தூங்கும்போதும் கழற்ற வேண்டாத புதுவகை லென்ஸ் ஒன்றைத் தங்கள் மருத்துவமனை ஆராய்கிறது என்று கேள்விப்பட்டு அக்கா பெயர் கொடுத்தாள். ஒப்புதல் கடிதத்தில் கான்டாக்ட் லென்ஸுக்குத் ‘தொடுவில்லை’ என்று தமிழ் எழுதியிருந்தது. வில்லை என்றால் மாத்திரை என்று மட்டுமே அறிந்த எங்கள் அம்மா, “இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டார். அங்கிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் தம்முடைய அறை வாசலில் உள்ள பலகையை அவர்கள் ஒருமுறை படித்திருக்கலாம். அதில் ‘தொடவில்லை ஆய்வு மையம்’ என்று இருக்கிறது. எழுத்துப்பிழை என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் லென்ஸைப் பொருத்திய நாளுக்குப் பிறகு அம்மையத்தில் எவரும் அக்காவின் கண்ணைத் தொடவில்லை. ஆகவே பலகையைத் திருத்தும்படி கோரும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

4. நியாயமாகவும் எழுத வேண்டும். முதல் சில வாரங்கள் அக்கா மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தாள். ரொட்டி பதமாவதை அதுவரை மூக்கால் மட்டுமே அறிந்திருந்தவள், ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏய், ரொட்டி முதல்ல ஓரத்துலதான்டி சிவக்குது! அப்புறம்தான் நடுவுல!” என்றாள். கான்டாக்ட் லென்ஸ் கெட்ட பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. நூலகத்தில் கண் நலம் பற்றிக் கிடைத்த நூல்களைப் படித்தேன். சுத்தமாக வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் தவறாமல் காட்டி அணிகிறவர்கள் நலமாகவே இருக்கிறார்கள். கண் சிவந்தாலோ, உறுத்தினாலோ, வெளிச்சம் கூசினாலோ உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எல்லா நூல்களிலும் எழுதியிருக்கிறது. தங்கள் மருத்துவமனையின் ஆய்வு மையத்தில் மட்டும் அந்த நூல்கள் இல்லை போலும்.

5. அம்மையத்தில் ‘தொடர் கண்காணிப்பு’ என்பது தொலைபேசியில் கூப்பிடுவது. கூப்பிடும் உதவியாளர் எதிர்முனையில் பதில் வந்த பிறகும் இரண்டு மூன்று ஹலோ சொல்வார். எனவே எங்கள் வீட்டில் அவருக்கு ‘ஹலோ சார்’ என்று பெயர். பெரும்பாலும் அடுப்பு திறந்திருக்கும் வேளையில், முதலாளி பக்கத்தில் நிற்கையில் அவர் அழைப்பார். ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டில் இருந்தபோது அழைப்பு வந்தது. அவள் கையில் சோப்பு நுரை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்; நான் முழுவதும் கேட்டேன். “கண்ணு எப்படிங்க இருக்கு?” என்றார். “கொஞ்சம் உறுத்துதுங்க சார். வெளிச்சத்தைப் பார்த்தா தண்ணியா வருது. பரவால்லங்க” என்றாள் அக்கா. “ரொம்ப நல்லதுங்க. போகப் போகப் பழகிடும். வெச்சிடட்டுமா?” என்றார் ஹலோ சார். வைத்தும்விட்டார்.

6. ஐயா, ‘பரவாயில்லை’ என்ற சொல்லைப் பற்றிச் சில வரிகள் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். பேருந்தில் ஒருவர் நம் காலை மிதித்து மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை என்கிறோம். கால் வலிக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. அம்மா உப்புப் போட மறந்த குழம்புக்கு அப்பா பரவாயில்லை என்றார். இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளவில்லை. என் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியை பரவாயில்லை என்றார். மறுநாள் அம்மாவை அழைத்து வரச் சொன்னார். ஆக, நம் மொழியில் இச்சொல் வலியின் அளவைச் சொல்வதில்லை. “எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம்” என்று மட்டுமே சொல்கிறது. ஒருவர் அதைச் சொன்னால், இரண்டாம் முறை கேட்பதுதான் வழக்கம். தமிழ் பேசும் வீடுகளில் சிறு பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர்களுக்கு இது தெரியாமல் போவதற்கு எவ்வளவு படிக்க வேண்டியிருந்திருக்கும் என்று வியக்கிறேன்.

7. ஒருநாள் காலையில் அக்காவால் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. தங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். பணியில் இருந்த பெண் மருத்துவர் லென்ஸை எடுத்துவிட்டுக் கடிந்துகொண்டார்: “கண்ணு இப்படிச் சிவந்து கிடக்கு, யாரும்மா இதைக் கழட்டாம வெச்சிருக்கச் சொன்னது?” அம்மா, “உங்க ஆஸ்பத்திரிதாங்க, டாக்டரம்மா. மேல் மாடி” என்றார். அதன் பிறகு மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. கருவிழியில் புண் என்றார். இடைவிடாமல் சொட்டு மருந்து போட்டதில் புண் ஆறி வருகிறது. ஆனால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கிறது. “வடு கண்ணு நடுவுக்கு வந்துட்டா பார்வைக்குக் கஷ்டம். கருவிழி டாக்டர்கிட்ட உடனே காட்டிடுங்க, தள்ளிப் போடாதீங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தங்கள் மருத்துவமனையில் கருவிழி மருத்துவர் ஒருவரே. அவர்தான் அந்த ஆய்வின் தலைவர்.

8. புறநோயாளிகள் பிரிவில், ஆய்வு லென்ஸால் வந்தது என்பதால் ஆய்வு மையம்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆய்வு மையத்தில், ஆய்வு முடிந்துவிட்டதால் புறநோயாளிகள் பிரிவுதான் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் எங்களை மிக மரியாதையாகவே பந்தாடினார்கள். மூன்றாம் முறை போனபோது ஹலோ சார் கணினியைப் பார்த்து, “நாப்பத்தேழுக்கு எல்லா வாரமும் மிக நன்றுன்னு இருக்குங்க. புகாரே இல்லாதவங்களுக்குப் பாதிப்பு எப்படிங்க வரும்?” என்று கேட்டார். நாற்பத்தேழு அப்போது ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவர் எதிரிலேயே நின்றாள். அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் பதிவு பொய்யாகிவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

அக்கா மிக நன்று என்று ஒருபோதும் சொல்லவில்லையே என்று நான் கேட்டேன். “மிக நன்று, நன்று, மோசம், மூணுதாம்மா இருக்கு. பரவாயில்லைக்குக் கட்டமே கிடையாது” என்றார். அப்படியானால் மோசத்தில் போட்டிருக்கலாமே என்றேன். “அவங்க மோசம்னு சொல்லலையே?” என்றார். ரொம்ப நல்லது என்றும் அவள் சொல்லவில்லையே என்றேன். ஹலோ சார் சற்று யோசித்துவிட்டு, “அதை நான் சொன்னேனேம்மா” என்றார்.

ஐயா, அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். ஆய்வு முழுவதும் ஹலோ சாரின் கண்கள் மிக நன்றாக இருந்திருக்கின்றன. அதைக் கண்டறியத் தொலைபேசி கூடத் தேவைப்பட்டிருக்காது என்பது என் தாழ்மையான கருத்து.

9. சென்ற வாரம் ஆய்வுத் தலைவர் எங்கள் பள்ளிக்கே வந்தார். ஆய்வின் அடுத்த கட்டம் பள்ளி மாணவிகளுக்கு என்று அறிவித்து, கண்ணாடி அணிந்தவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பங்கேற்பாளர்களின் பதில்கள் என்று அவர் காட்டிய வரைபடத்தில் ஒரே பச்சை நிறமாக இருந்தது. “ஒரு புகார் கூட வரல. அத்தனை பேரும் திருப்தி!” என்றார். நான் எழுந்து, பரவாயில்லை என்று சொன்னவர்களை எந்த நிறத்தில் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் புன்னகைத்து, “நல்ல கேள்வி. பரவாயில்லைன்னா பரவாயில்லைதானேம்மா!” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள், என் அக்காவின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். “ஆபீஸ்ல வந்து சொல்லும்மா” என்றார். ஆபீஸில்தானே சொல்லிவிட்டு வந்தோம். பிறகு அறிவியல் ஆசிரியை என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். முன்வரிசை மாணவிகளிடம் அன்றே பெற்றோர் கையொப்பத்துக்கான தாள்களைக் கொடுத்துவிட்டார்கள்.

10. அக்கா இப்போது வேலைக்குப் போகவில்லை. கண்ணாடி போட்டாலும் வலது பக்கம் புகை மூட்டமாகவே தெரிகிறதாம். அடுப்பே இல்லாத அறையிலும் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறாள். துடைத்தால் போகும் என்று நாங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே தாங்கள் கனிவுகூர்ந்து,

அ) அக்காவை எந்தப் பிரிவு பார்ப்பது என்ற வழக்கைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி, முதலில் கருவிழி மருத்துவர் அவள் கண்ணைப் பார்க்க உத்தரவிடுமாறும்,

ஆ) அக்கா சொன்ன ‘உறுத்துது’, ‘தண்ணியா வருது’, ‘பரவால்ல’ ஆகிய மூன்றையும் அவள் சொன்னபடியே பதியச் செய்யுமாறும், ஆய்வில் பங்கேற்ற மற்றவர்களையும் நேரில் அழைத்துக் கண்ணைப் பரிசோதிக்கச் செய்யுமாறும்,

இ) அதுவரை எங்கள் பள்ளி மாணவிகள் எவருக்கும் லென்ஸ் பொருத்த வேண்டாம் என்று தடுத்து நிறுத்துமாறும்

பணிவுடன் வேண்டுகிறேன்.

இன்னும் ஒன்று உண்டு. தாங்கள் அக்காவைத் தங்கள் அறைக்கு அழைத்தால், தயவுசெய்து எப்படி இருக்கிறது என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எங்களுக்குத் தெரியும். கண்ணைத் திறந்து பாருங்கள் ஐயா, அது போதும்.

தங்கள் பார்வைக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
நாற்பத்தேழின் தங்கை

இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை, பள்ளிக்கு விடுப்பு எடுத்த நாள்

இணைப்பு:
1. பணி மருத்துவர் எழுதிய சீட்டின் நகல்.
2. அக்கா (நேரில்).