கழற்றிய றிலே

7.7.92 செவ்வாய்
புழுதிக் காற்று. மேசையில் வைத்த திருகாணிகள் எல்லாம் மண். காலையில் இரண்டு ரேடியோ. ஊரில் கரண்ட் இல்லை; இரண்டும் சைக்கிள் டைனமோவில் பாடுகின்றன.

பின்னேரம் தவம் வந்தான். என்னோடு படித்தவன். கோப்பாயிலுள்ள அவர்களுடைய வாசிகசாலையின் அம்பிளிபயரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு. சத்தம் கரகரக்கிறதாம். ஞாயிறு நாடகம்.

அவர்கள் பக்கம் எந்த ஒலிபெருக்கிக்காரனும் வாடகைக்குப் போவதில்லை. ஒருவன் மண்ணெண்ணெய் இல்லை என்பான், மற்றவன் வயர் இல்லை என்பான். சாதி என்று ஒருவனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். அதனால்தான் இவர்கள் சொந்தமாகவே ஒன்று வாங்கினார்கள். இதுதான் முதல் நாடகம்.

8.7.92 புதன்
தவத்தின் செற்: வொலியூம் திருகியைத் துடைத்தேன், கரகரப்பு போய்விட்டது. ஸ்பீக்கரைக் காக்கிற றிலே புதிது மாதிரி.

மத்தியானம் கோயில்காரரின் அம்பிளிபயர். நாளை கொடியேற்றம். அதில் றிலே எரிந்து கிடக்கிறது. இங்கே எந்தக் கடையிலும் இல்லை. பொருளாதாரத் தடையால் ஊருக்குள் வராத சாமான்.

முதலாளி அண்ணை: “உவங்கடை செற்றிலை கிடக்கிறதைக் கழட்டி இதுக்குப் போடு.”
“ஞாயிறு அவங்கடை நாடகம், அண்ணை.”
“அதிலை ஒரு கம்பித் துண்டைப் பிடிச்சு ஒட்டிவிடு. பாடும்தானே?”

பாடும். ஆனால் ரான்சிஸ்ரர் ஒன்று போனால் டி.சி. மின்சாரம் நேரே ஸ்பீக்கருக்குள் பாய்ந்து எரித்துவிடும். அப்போது இணைப்பை வெட்டிவிடத்தான் றிலே. அண்ணைக்கும் தெரியும்.

கழற்றினேன். கம்பி ஒட்டினேன்.

9.7.92 வியாழன்
தவம் வந்து எடுத்துப் போனான்.
“எல்லாம் சரியோடா?”
“ஓம்.”
ஏன் சொல்லவில்லை? அண்ணை பக்கத்தில் நின்றார். அது காரணமில்லை. சைக்கிள் வரை கூடப் போனேன். அங்கே அண்ணை இல்லை.

12.7.92 ஞாயிறு
போனேன். வெயில் தாழத் தொடங்கியது நாடகம். நல்ல கூட்டம். ஜெனறேற்றர் பின்வளவில்.

கால் மணித்தியாலம் போயிருக்காது. “டொம்”. இரண்டு ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பும் முன்னுக்குத் தள்ளி அப்படியே நின்றன.
“பொம்பர் குண்டோ?” என்று ஒரு மனிசி. பாதிச் சனம் பங்கருக்கு ஓடியது.
“இல்லையணை, பெட்டியுக்கை புகை!”
ஓடியவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். நான் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் எரிந்த அரக்கு மணம். ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிக் கொயில் இரண்டும் கரி. திரும்பச் சுற்ற இங்கே கம்பி இல்லை.

மிச்ச நாடகத்தைக் கத்தியே நடித்தார்கள். பின்னுக்கு நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் போனார்கள். முடிவில், கத்தி நடித்த தவத்துக்குக் குரல் கட்டிவிட்டது. என்னிடம் வந்து, “நீ நிண்டபடியால் அம்பிளிபயராவது தப்பிச்சுது” என்றான்.

13.7.92 திங்கள்
கடைக்குப் போகவில்லை. அம்மா காய்ச்சலோ என்று கேட்டா. இல்லை.

சமத்துவம் பற்றித் தவத்திடம் எத்தனை வருடம் கதைத்திருப்பேன். சாதி பார்க்கிற கோயில்காரரைப் பேச்சில் கிழித்திருக்கிறேன். என் கையில் ஒரே ஒரு றிலே இருந்தபோது யாருக்குக் கொடுத்தேன்?

14.7.92 செவ்வாய்
கோப்பாய் போனேன். தவத்தின் வீட்டு வாசல் படலையில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். கடை, அண்ணை, கம்பி, “ஓம்” என்றது.

அவன் குரல் இன்னும் கட்டித்தான் இருந்தது.
“கோயில் செற்றிலை இருந்து எடுத்து எங்கடைக்குப் போட்டிருப்பியோ?”
நான் சைக்கிளை ஸ்ராண்டில் போட்டேன்.
“கேட்டாவது எடுத்திருக்கலாமடா. ஒருவேளை நாங்களே தந்திருப்பம்.”

பிறகு, அம்பிளிபயரின் உள்வயரிங் படத்தைக் கீறித் தரச் சொன்னான். இனித் தாங்களே திறந்து பார்ப்பார்களாம்.

சைக்கிள் சீற்றில் தாளை வைத்துக் கீறினேன். றிலே இருக்க வேண்டிய இடத்தில் வட்டம் போட்டேன். வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். பத்து வருடமாக அந்த வீட்டுக்குள் போய்வருகிறேன். இன்று அவன் படலையைத் திறக்கவில்லை.