வடிகுழாய் பாட்டிலில் வராத நீர்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே அனல் காற்று. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ். காவிரியில் வெறும் மணல். புத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முதுகெல்லாம் வியர்வை.

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு மார்பக அறுவை. என் தீசிஸ் கைடான சார் செய்தார், நான் உதவி. இன்று பழைய காட்டரி, மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்துவது. புகை. குளித்த பிறகும் தலைமுடியில் கருகல் வாடை. புதியது அல்ட்ராசோனிக் கத்தி. அதிர்வில் வெட்டும், அதிலேயே ரத்தக்குழாயை அடைக்கும். எதில் ரத்தம் குறைவு, அறுவைக்குப் பிறகு காயத்திலிருந்து குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும் நீர் எதில் குறைவு. என் தீசிஸ் இதுதான். நீர் குறைந்தால் குழாயை எடுப்போம், வீட்டுக்கு அனுப்புவோம்.

இதுவரை புதியதே மேல். சார் மாநாட்டில் பேசப் போகிறார். எனக்கும் சந்தோஷம்தான்.

ஷாம்பு. துணி துவைக்க. அம்மாவுக்கு போன்.

ஜூன் 10, புதன்

வார்டு. செல்லம்மா, பச்சைமலை, மரவள்ளி போடும் குடும்பம். போன வாரம் அறுவை, புதிய கத்தி. நேற்று பாட்டிலில் நிறைய நீர். இன்று அடியில் கொஞ்சம். இவ்வளவு சீக்கிரமா?

ரவுண்ட்ஸில் சார் அவர் கட்டிலருகே நின்றார். "புது மெஷின்ல பண்ணினது. சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவாங்க பாருங்க." செல்லம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார், பரிசு வாங்கினவர் போல. புதிய கத்திக்காரர்கள் எல்லோரிடமும் இதே வாக்கியம். காட்டரிக்காரர்களின் கட்டிலருகே சார் நிற்பதே இல்லை.

ஜூன் 11, வியாழன்

சீக்கிரம் போனேன். கை கழுவும் இடத்தில் செல்லம்மா, சிங்க்கில் பாட்டிலைக் கவிழ்த்தபடி. என்னைப் பார்த்ததும் முந்தானைக்குள் மறைத்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"கொஞ்சமாத்தான் ஊத்தினேன் டாக்டரம்மா. பெரிய டாக்டர் அவ்வளவு பெருமையா சொல்லிட்டுப் போறாரு. தண்ணி நெறைய இருந்தா அவரு மொகம் வாடிப் போகுமில்ல?"

வீட்டுக்குப் போகிற அவசரமா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். இங்கே ஃபேன் இருக்கிறதாம், மலைக்கு பஸ் பிடிப்பதுதான் பாடாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சொல்லிக்கொடுத்தாராம். அவரும் புதிய கத்தி. அவருக்கு யார் சொன்னார்கள், தெரியாது.

மரியாதை. என் தீசிஸைக் கெடுத்தது மரியாதை.

குழாயைச் சீக்கிரம் எடுத்து அனுப்பிய நோயாளிகளில் சிலர் காயத்துக்குள் நீர் கோத்துத் திரும்பி வந்தார்கள். வீக்கம், வலி. ஊசி குத்தி உறிஞ்சினேன். "உடம்பு வாகு" என்றார் சார்.

தீசிஸில் ஒரு பாரா சேர்த்தேன்: அளவுகளை நம்ப முடியாது, காரணம் இது.

ஜூன் 12, வெள்ளி

சாரிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். இரண்டாம் முறை படித்தபோது சிரிக்கவில்லை.

"அந்தப் பாராவ எடுத்துடும்மா. நர்ஸ் அளந்து எழுதினதுதான் ரெக்கார்டு. சிங்க்ல நீ பார்த்ததெல்லாம் ரெக்கார்டு கிடையாது."

"அதுவும் நோயாளி உடம்புலேர்ந்து வந்த தண்ணிதான் சார்."

பாரா இருந்தால் கையெழுத்து இல்லை என்று சார் சொல்லவில்லை. தீசிஸை மூடி என் பக்கம் தள்ளினார், பேனாவை மூடிப் பையில் செருகினார். கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

பஸ்ஸில் யாரோ: "மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்களாம். இங்க வர நாளாவும்."

அம்மா போனில்: "மொதல்ல கையெழுத்த வாங்கு. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் உண்மை பேசு." சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் எடுக்க மாட்டேன். திரும்ப அளக்கிறேன், முதலிலிருந்து. எந்தக் கத்தி என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. வருடம் போனால் போகட்டும்.

ஜூன் 13, சனி

மேகம். மழை இல்லை.

ரவுண்ட்ஸ். செல்லம்மாவின் கட்டில். சார் ஆரம்பித்தார்: "புது மெஷின்ல..."

குறுக்கே பேசினேன். வார்டில் யாரும் செய்யாதது. சாரைப் பார்க்காமல், செல்லம்மாவைப் பார்த்து: "அக்கா, தண்ணி எவ்வளவு வந்தாலும் உங்க தப்பு இல்ல. பரீட்சை எங்க மெஷினுக்குத்தான். நீங்க அதுக்கு மார்க் போட வேணாம்."

சார் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். எல்லோரும் அவர் பின்னால்.

நான் நின்றேன். செல்லம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையை விலக்கிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

பாதிக்கு மேல். எழுதிக்கொண்டேன்.